பழைய எபிரேயக் கல்யாணப் பாட்டுகளில் அப்படி என்ன கவித்திறம் இருக்கிறது?

பைபிளின் உன்னதப்பாட்டில் காதலியின் பற்களை ஆட்டுமந்தைக்கு ஒப்பிடுகிறார்களே, இது அழகா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் எனக்கும் அதே கேள்வி இருந்தது. எபிரேய எழுத்துகளைக் கற்று, மூலத்தை வாய்விட்டு வாசித்த பிறகுதான் பிடிபட்டது.

4:2ஐ (4ஆம் அதிகாரம், 2ஆம் வசனம்) எடுத்துக்கொள்ளுங்கள். மயிர் கத்தரித்து, குளித்துக் கரையேறும் ஆடுகள். எல்லாம் இரட்டைக்குட்டி ஈன்றவை. குட்டியைப் பறிகொடுத்தது ஒன்றுகூட இல்லை. வெண்மை, ஈரம், மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் உள்ள ஜோடிப் பொருத்தம், ஒரு பல்கூட விழாத நிறைவு எல்லாம் அதில் வந்துவிடுகிறது. 'அவை எல்லாம்' என்பதற்கு எபிரேயத்தில் 'ஷெக்குல்லாம்'; குட்டியை இழந்தவளுக்கு 'ஷக்குலா'. இரட்டைக்குட்டிகளைப் பாடும் வரியில் சொற்களும் இரட்டையாகப் பிறந்திருக்கின்றன! ஒரே ஒலி வேறு பொருளில் திரும்பி வரும் யமகத்தை ரசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்க்கும்போது உதிர்வது இதுதான்.

உன்னதப்பாட்டு கல்யாணத்துக்கென்றே எழுதப்பட்டதா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் யூத மத அறிஞரான ரபி அகிவா, விருந்து வீடுகளில் இதைக் குரலை நெளித்துப் பாடுகிறவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அப்படிப் பாடினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பைபிளின் இன்னொரு பாட்டான சங்கீதம் 45 பற்றிச் சந்தேகமே இல்லை. அது ராஜாவின் கல்யாணப் பாட்டு. அதன் புலவன் தன் நாவை எழுத்தாணி என்கிறான். தன் கவியை அவன் குறிக்கும் சொல் 'மஆசாய்', அதாவது 'நான் செய்தவை'. உன்னதப்பாட்டு 7:1இல் காதலியின் இடுப்பு வளைவை, தேர்ந்த கைவினைஞன் 'செய்த' நகை என்று சொல்லும் இடத்திலும் அதே பெயர்ச்சொல்தான் வருகிறது. நகைக்கும் கவிக்கும் ஒரே சொல். எனக்கு இந்தப் பாட்டுகளில் மிகப் பிடித்த இடம் இது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. உன்னதப்பாட்டு 3:9-10இல் சாலொமோன் ராஜாவின் பல்லக்கு வருகிறது. லீபனோன் மரம், வெள்ளித் தூண், பொன் தட்டு, இரத்தாம்பர (செந்நீலத் துணி) ஆசனம் என்று பொருள் பொருளாகச் சொல்லிவந்து, கடைசியில் உட்புறத்தில் பதித்திருப்பது நேசம் என்கிறது. மூலத்தில் உள்ளது தளத்தில் கல் பதிப்பதற்கான சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை "நேசம் என்னும் சமுக்காளம்" என்று விரித்துவிட்டது. மூலத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் அந்தத் தமிழைக் கைவிட எனக்கு மனசு வராது. என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் அதைத்தான் போட்டோம்.