அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றால் எனக்கும் வந்தே தீருமா?

வெள்ளவத்தையில் இருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு நீரிழிவு, அண்ணாவுக்கும் 41 வயதில் வந்துவிட்டது. "இதில் பரம்பரை எத்தனை வீதம், சாப்பாடு எத்தனை வீதம்? மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? எப்படியும் வரும் என்றால் எதற்கு வாயைக் கட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியில் உள்ள சலிப்பு புரிகிறது. ஆனால் சிக்கல் முதல் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒன்றாக அரைத்த தோசைமாவைப் பிரித்து, ஒரு பாதியைக் கொழும்பிலும் மறுபாதியை நுவரெலியாவிலும் இரவு மூடி வையுங்கள். விடியும்போது கொழும்பு மா பொங்கி வழியும், நுவரெலியா மா வைத்தபடியே கிடக்கும். சரி, கொழும்பு மா பொங்கியதில் உளுந்து எத்தனை வீதம், வெக்கை எத்தனை வீதம்? பிரிக்க முடியாது. உளுந்து போடாத மா வெக்கையிலும் அப்படிப் பொங்காது.

நீரிழிவும் இப்படித்தான். பீமா என்ற பழங்குடியினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் மலைக் கிராமங்களிலும் வாழ்கிறார்கள். இரு பகுதியினரும் மரபணு அளவில் மிக நெருங்கியவர்கள். 2006இல் வெளியான ஆய்வின்படி அரிசோனாவில் 100 பேரில் 38 பேருக்கு நீரிழிவு, உடல் வேலை நிறைந்த மெக்சிகோக் கிராமத்தில் ஏறக்குறைய 7 பேருக்கு.

மரபணு, அதாவது பாடசாலையில் நாம் படித்த பரம்பரையலகு, நேராக நோயைக் கொண்டுவருவதில்லை. நீரிழிவோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளும். பல, கணையம் இன்சுலின் சுரக்கும் திறனைக் குறைக்கின்றன. அந்தக் குறை வயிற்றுக் கொழுப்பு சேராதவரை வெளியே தெரியாமலே இருக்கலாம். நம்மவர்களுக்கோ உடம்பு மெலிவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும். அதனால்தான் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்று. நீங்களும் அண்ணாவும் அப்பாவிடமிருந்து மரபணுவை மட்டும் வாங்கவில்லை. ஒரே அடுப்பில் வெந்த சோறு, மாலையில் சீனி போட்ட பால்தேநீர், பாணுக்கு மேல் பாண் என்ற பழக்கத்தையும் சேர்த்தே வாங்கியிருப்பீர்கள். அந்தப் பங்கை மாற்றலாம்.

மாற்றினால் பலன் உண்டா? அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. எடையில் 7 வீதம் குறைப்பதும் வாரத்தில் 150 நிமிடம் நடப்பதும் இலக்கு. நோய் வருவது 58 வீதம் குறைந்தது. சென்னையில் நடந்த இதே போன்ற ஆய்வில் 28 வீதம்தான் குறைந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அமெரிக்க ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆபத்தான மரபணு வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, எதையும் மாற்றாத குழுவில் நோய் கூடுதலாக வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றிய குழுவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. உங்களைப் போன்றவர்கள் வாயைக் கட்டுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அப்பாவும் அண்ணாவும் சொல்வதற்கு மேல் அது பெரிதாக எதையும் சொல்லாது. காலையில் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பாருங்கள். mg/dL அளவில் 100க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் விளிம்பு, இன்றே நடக்கத் தொடங்குங்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் போய் மறுபடி சோதித்து உறுதி செய்யுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் செய்யலாம். ஆனால் இரத்தச்சோகையோ தலசீமியாவோ இருந்தால் அது தவறாகக் காட்டக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கர்ப்ப காலத்தில் சீனி கூடியதா என்று நீங்கள் எழுதவில்லை. கூடியிருந்தால் ஆபத்து பல மடங்கு. அப்படியானால் இந்த வாரமே சோதியுங்கள், அப்புறம் ஒவ்வொரு வருடமும்.