பழைய கிரைண்டர் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வில்லிவாக்கத்தில் வீட்டிலிருந்தே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட்களுக்குக் கொடுக்கிறேன். 2 லிட்டர் டேபிள் டாப்பில் ஐந்தாறு ஈடு போட்டு தினமும் 15 கிலோ விற்கிறேன். கிலோ 45 ரூபாய். எல்லாச் செலவும் போக கிலோவுக்கு 14 ரூபாய் நிற்கிறது. அயனாவரத்தில் ஒரு மெஸ்ஸை மூடுகிறார்கள். அங்கே 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் 18,000, டீப் ஃப்ரீசர் 14,000, எடை மெஷின் 2,500, கவர் ஒட்டும் சீலிங் மெஷின் 1,500, ஆக மொத்தம் 36,000 சொல்கிறார்கள். கையில் 12,000 இருக்கிறது. மீதிக்கு என் நாலு பவுன் செயினைத் தெருமுனை அடகுக் கடையில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர், ‘அடுத்தவன் அரைச்ச மிஷின் வேண்டாம், அதே கிரைண்டர் புதுசே 34,000தான்’ என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: நீங்கள் இருவரும் பழசா புதுசா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு எண்தான் வேண்டும். பெரிய கிரைண்டர் வந்தால் தினமும் எத்தனை கிலோ கூடுதலாக விற்கும்?

கணக்கைப் பாருங்கள். வண்டிக்கூலி, ஏற்றி இறக்கும் கூலி, பெல்ட், பேரிங், கல் கொத்துகிற கூலி எல்லாம் சேர்த்து 4,000 வைத்துக்கொண்டால், 18,000 ரூபாய் கிரைண்டர் வீட்டில் ஓடும்போது 22,000 ஆகியிருக்கும். இன்னொரு 15 கிலோ விற்றால் நாளுக்கு 210 ரூபாய் கூடுதல் வரவு. 105 நாளில் போட்ட காசு வந்துவிடும். மாதம் 26 நாள் விற்பனை என்றால் நாலு மாதம். புதுசு என்றால் 162 நாள், ஆறு மாதத்துக்குச் சற்று மேல். ஆக, வீட்டில் நடக்கும் இந்தச் சண்டையின் மதிப்பு இரண்டு மாத லாபம், அவ்வளவுதான்.

ஆனால் கூடுதலாக 5 கிலோதான் போகிறது என்று வையுங்கள். நாளுக்கு 70 ரூபாய். பழைய கிரைண்டரே காசை எடுக்க ஒரு வருடம் ஆகும். புதுசு ஒன்றரை வருடத்தைத் தாண்டும். அப்போது இரண்டுமே வேண்டாம்.

இதைத் தெரிந்துகொள்ள மிஷின் வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஈரமாவு அரைத்துத் தரும் மில் இருக்கும். இரண்டு வாரம் கூடுதல் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அங்கே கொடுத்து வாங்குங்கள். அரவைக் கூலியில் உங்கள் 14 ரூபாயில் பாதி போனாலும் போகட்டும். 30 கிலோவும் சாயங்காலத்துக்குள் காலியாகிறதா, இல்லை தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறீர்களா என்பது புரிந்துவிடும். மெஸ்காரர் அவசரப்படுத்தினால் ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கேளுங்கள். மூடுகிற கடையில் சாமான் அவ்வளவு சீக்கிரம் விலைபோகாது.

விற்பனை உண்டு என்று தெரிந்தால் என் ஓட்டு பழைய கிரைண்டருக்கே. கல்லும் மோட்டாரும் பெல்ட்டும்தான் அதில் இருக்கிறது, எல்லாமே சரிசெய்யக்கூடியவை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

போகும்போது ஒரு பக்கெட்டில் இரண்டு கிலோ அரிசி ஊறவைத்து எடுத்துப் போங்கள். சும்மா ஓட்டிக் காட்டினால் எல்லா கிரைண்டரும் அழகாகத்தான் ஓடும். அரிசியைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மோட்டாருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இருக்கும், அது சரி. வார்னிஷ் கருகுகிற வாடை வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். அரிசி நைசாகாமல் கொரகொரவென்றே நின்றால் கல் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, கொத்த வேண்டும். மண்போல நறநறத்தால் கல்லே உதிர்கிறது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். சில மெஸ்களில் த்ரீ ஃபேஸ் மோட்டார் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும், அப்போது 18,000 என்பது மலிவே இல்லை. தகடு பிடுங்கப்பட்டிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும். ஈரக் கையோடு நிற்கப்போவது நீங்கள்.

நம்ம ஊருக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ மோட்டார்கள் தண்ணீரில் கிடந்தன. கீழ்மூடியைக் கழற்றி உள்ளே சேறு காய்ந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் மைத்துனர் இதைப் பார்க்காமல் ஒரு மாவு மில் மோட்டாரை வாங்கி, மூன்றாவது வாரமே கம்பியைப் புதிதாகச் சுற்ற ரீவைண்டிங்குக்குக் கொடுத்தார். ட்ரம்மில் காந்தம் வைத்து ‘ஒட்டவில்லை பாருங்க, 304 ஸ்டீல்’ என்பார்கள். விலை குறைந்த 202 ஸ்டீலிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. அதை வைத்து விலை ஏற்ற விடாதீர்கள்.

அப்புறம் ஃப்ரீசர். இதில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறேன். மாவுக்குக் குளிர்ச்சி வேண்டும், உறைய வேண்டியதில்லை. டீப் ஃப்ரீசர் மாவைக் கட்டியாக்கத்தான் செய்யும். தவிர, கிரைண்டர் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஓடும். ஃப்ரீசரோ இரவு பகலாக ஓடும், பழைய கம்ப்ரஸர் கூடுதலாகவே இழுக்கும். இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த 14,000 விலை ஆரம்பம்தான், மீதியை இபி பில்லில் தவணையாகக் கட்டுவீர்கள். இருக்கிற ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து, அன்றன்று அரைத்ததை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். இபி என்றதும் இன்னொன்று: வீட்டு இணைப்பில் வியாபாரத்துக்கு மோட்டார் ஓட்டுவது எந்தக் கட்டணத்தில் வரும் என்று உங்கள் பகுதி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

எடை மெஷினைப் பழசாக வாங்காதீர்கள். வியாபாரத்துக்கு வைக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு எடை சரி என்று சோதித்துக் குத்தும் அரசு முத்திரை வருடாவருடம் வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்க்கிறது. முத்திரை காலாவதியான தராசை வைத்திருந்தால் அபராதம் உங்களுக்குத்தான், மெஸ்காரருக்கு அல்ல. சீலிங் மெஷினையும் பழசாக வாங்க வேண்டாம். கையால் அழுத்துகிற சின்ன மெஷின் புதுசே பெரிய விலை இல்லை.

ஆக 36,000 தேவைப்படவில்லை. கிரைண்டருக்கு 22,000, புதுத் தராசுக்கும் சீலருக்கும் 5,000 ஒதுக்கினால் 27,000. கையிருப்பு 12,000 போக 15,000 குறைகிறது. கையிருப்பை முழுதும் துடைக்க வேண்டாம், அரிசி உளுந்துக்கு 3,000 இருக்கட்டும். 18,000 கடன் போதும். இதற்கு நாலு பவுன் எதற்கு? ஒரு மோதிரம், ஒரு வளையல் என்று சின்ன நகையாகப் பாருங்கள். அதையும் வங்கிக்குக் கொண்டுபோங்கள். அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் சின்னதாகத்தான் தெரியும், வருடத்துக்கு அது 24 சதவீதம். நகை வேண்டாம் என்றால் சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 வரை ‘சிசு’ என்ற கடன் உண்டு. ஆனால் அதற்கு விலைப்பட்டியல் கேட்பார்கள், மூடுகிற மெஸ்ஸில் பில் கிடைப்பது கஷ்டம்.

கூடுதலாக வரும் 210 ரூபாயில் தினமும் 150ஐ ஒரு டப்பாவில் போடுங்கள். 26 நாளில் 3,900. ஐந்து மாதத்தில் அசலும் வங்கி வட்டியும் அடைந்து நகை வீட்டுக்கு வந்துவிடும்.

இதுவரை உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்யாமல் இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். வீட்டு அடுப்படி என்றாலும் விற்றால் பதிவு வேண்டும். உங்கள் அளவு வியாபாரத்துக்கு உரிமம் தேவையில்லை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் இணையதளத்தில் பதிவு மட்டும் போதும்.

கிரைண்டர் வீட்டுக்கு வந்து கல்லைக் கொத்தியதும் முதல் ஈட்டை விற்றுவிடாதீர்கள். கொத்தின கல்லில் பொடி நிற்கும். பழைய அரிசி ஒரு கிலோ போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, இரண்டு தடவை கழுவி, அடுத்த ஈட்டு மாவில் உங்கள் வீட்டுக்காரருக்கு இட்லி ஊற்றிக் கொடுங்கள். வாயில் நறநறக்கவில்லை என்று அவர் சொன்ன பிறகு அபார்ட்மென்ட்டுக்கு அனுப்பலாம்.