டயாலிசிஸுக்கு முன்பே சிறுநீரக மாற்று: எப்போது தொடங்குவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு 2.6 ஆக இருந்த கிரியேட்டினின் இப்போது 3.6, இ.ஜி.எஃப்.ஆர். 30-லிருந்து 20-க்கு இறங்கிவிட்டது. மாற்று அறுவை சிகிச்சைக்கு இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்கிறார் மருத்துவர். ‘நன்றாக வேலைக்குப் போய்வருகிறவருக்கு என்ன அவசரம், டயாலிசிஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள் என் புகுந்த வீட்டார். அவருக்கு ஓ பாசிட்டிவ், எனக்கு பி பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ் உள்ள அவருடைய அக்கா சிறுநீரகம் தரத் தயார் என்கிறார். நாங்கள் எப்போது தொடங்க வேண்டும்?
– வாசகி ஒருவர், விழுப்புரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மருத்துவர் சொன்னதுதான் சரி. இப்போதே தொடங்குங்கள். தொடங்குவது என்றால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது அன்று. கொடையாளர் யார் என்று முடிவுசெய்வதும், இருவருக்குமான பரிசோதனைகளைச் செய்து முடிப்பதும்தான். உங்கள் வீட்டார் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதால்தான் அவசரம் என்ன என்று கேட்கிறார்கள் என நினைக்கிறேன்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினினை மட்டும் பார்க்கிறவர்களுக்கு 2.6-க்கும் 3.6-க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர்.தான் சிறுநீரகத்தில் எவ்வளவு செயல்திறன் மிச்சமிருக்கிறது என்பதைக் காட்டும். (இதே 3.6 உங்கள் கணவர் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு இருந்தால், அவருடைய இ.ஜி.எஃப்.ஆர். 15 அளவில்தான் இருக்கும்.) உங்கள் கணவர் ஓராண்டில் 10 புள்ளிகளை இழந்திருக்கிறார். இதே வேகம் நீடித்தால் அடுத்த ஆண்டு இதே சமயத்தில் 10-ஐத் தொட்டுவிடுவார். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் இந்த வேகம் குறையலாம். ஒரு காய்ச்சலோ, கடையில் கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரையோ அதைக் கூட்டிவிடவும் கூடும்.

உயிரோடிருக்கும் கொடையாளரிடமிருந்து பெறும் மாற்று அறுவை சிகிச்சையை, இ.ஜி.எஃப்.ஆர். 10-ஐ ஒட்டி இறங்கும்போது, அல்லது வாந்தி, பசியின்மை, மூச்சுத் திணறல், உடம்பில் நீர் கோத்தல் போன்ற தொல்லைகள் அதற்கு முன்பே தொடங்கினால் அப்போது, செய்வதே பொதுவான நடைமுறை. அதைவிட முன்கூட்டிச் செய்வதில் இலாபம் இல்லை. சொந்தச் சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் திறன் வீணாவதோடு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை அவசியமின்றி முன்பே தொடங்க வேண்டியும் வரும். ஆனால் ஆயத்தங்களை, டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று கருதும் காலத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அந்தக் கணக்கில் உங்கள் கணவருக்கு இதுவே சரியான நேரம்.

டயாலிசிஸ் செய்து பார்த்த பிறகுதான் மாற்று அறுவை சிகிச்சை என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றிப் போயிருக்கிறது. உறவினர் தரும் சிறுநீரகத்துக்கு அப்படி ஒரு விதியே கிடையாது. டயாலிசிஸில் கழியும் காலம் நீள நீள இதயமும் இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. பிறகு பொருத்தும் சிறுநீரகத்தின் ஆயுளும் அதனால் குறைகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று போய்வருவதில் பலர் வேலையை இழப்பதையும் பார்க்கிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு வரிசையோ பெரும்பாலும் டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவர்களுக்கானது. ஆகவே டயாலிசிஸைத் தவிர்க்க வேண்டுமானால் குடும்பத்துக்குள்தான் கொடையாளரைத் தேட வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர். இரத்த வகையும் ஒத்துப்போவதால் உங்கள் நாத்தனாரின் பரிசோதனைகளையே முதலில் தொடங்கலாம். சர்க்கரை நோயாளியின் உடன்பிறந்தவர் என்பதால் அவருக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரு சிறுநீரகங்களின் தனித்தனித் திறன் ஆகியவற்றைப் பார்த்த பிறகே அவரைக் கொடையாளராக ஏற்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் சிறுநீரகம் தருபவர்களில் பெண்களே மிகுதி. பெண் கொடையாளர் என்றால் அவருடைய சம்மதம் சுயமானதுதானா என்று கூடுதல் கவனத்துடன் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் விதிகளே சொல்கின்றன. அக்கா மருத்துவரிடம் தனியாகப் பேச வழி செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை கடைசி நாள் வரை அவருக்கு உண்டு என்பதை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவரால் தர முடியாமல் போனால் உங்களுக்கும் வழி இருக்கிறது. பி வகையை ஓ வகையினருக்கு நேரடியாகப் பொருத்த முடியாது. ஆனால் இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்துடன் கொடையாளர்களைப் பரிமாறிக்கொள்ள 2011-இன் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. பொருந்தும் இணையைக் கண்டுபிடிக்கவும், அங்கீகாரக் குழுவின் அனுமதி பெறவும் மாதக்கணக்கில் ஆகலாம். இரத்த வகை பொருந்தாமலே செய்யும் முறையும் உண்டு. அதில் செலவும் தொற்று அபாயமும் கூடுதல்.

இதற்கிடையில் உங்கள் கணவருக்கும் வேலை நிறைய இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி என்பதால் இதயப் பரிசோதனை முதன்மையானது. அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்யவே சில மாதங்கள் ஆகும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நான்கு தவணைகளாகப் போட்டு முடிக்க ஆறு மாதம் வேண்டும். பல் சொத்தை, காசநோய் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். உடலில் இரத்தம் குறைந்தால், மிக அவசியமானாலன்றி, இரத்தம் ஏற்ற வேண்டாம். அதனால் உருவாகும் எதிரணுக்கள் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கிவிடும். இரும்புச் சத்தும், இரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் போதுமா என்று முதலில் கேளுங்கள். அவர் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால், இனி இடக்கையில் இரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ விடாதீர்கள். ஒருவேளை ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையின் தமனியையும் சிரையையும் இணைப்பது) தேவைப்பட்டால் அந்தக் கையின் இரத்தக் குழாய்கள்தான் உதவும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று அடங்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மாத்திரைகளுக்கு மாதம் எவ்வளவு ஆகும், அதில் எது இலவசமாகக் கிடைக்கும் என்பதை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் இ.ஜி.எஃப்.ஆர். எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கினால், கொடையாளர் தயாராகும் வரை சில வாரங்களோ மாதங்களோ டயாலிசிஸ் செய்ய நேரலாம். அதனால் மாற்று வாய்ப்பு கைநழுவிவிடாது. 15-க்கு வரும்போதும் கொடையாளர் உறுதியாகவில்லை என்றால், ஃபிஸ்டுலா போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்; அது முதிர்ந்து பயன்படுத்தும் நிலைக்கு வரப் பல வாரங்கள் வேண்டும்.