எரிந்த வீட்டுக்கு வாடகை

அன்புள்ள ஐயா,

எட்வர்ட் ரதர்ஃபர்டின் ‘லண்டன்’ நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். கி.மு. 54இல் சீசர் படையெடுப்பில் தொடங்குகிறது. ஓர் ஆளோடு பழகி மனம் ஒட்டுவதற்குள் அவர் செத்து நூறு வருடம் ஆகிவிடுகிறது. யார் யாருக்குக் கொள்ளுப்பேரன் என்று வம்ச அட்டவணையைப் புரட்டியே விரல் தேய்ந்துவிட்டது. இது நாவலா, பாடப்புத்தகமா?

செ.மு., ஈரோடு

அன்புள்ள செ.மு.,

விரல் தேய்ந்த கதை எனக்கும் உண்டு. அட்டவணையை விட்டுத்தள்ளுங்கள். படிப்பவர் வழிதவறுவார் என்று ஆசிரியருக்கே தெரியும். அதனால்தான் கதையில் வரும் டக்கெட் குடும்பத்துக்கு முன்நெற்றியில் ஒரு கொத்து வெள்ளைமுடியும் விரல்களுக்கிடையே சவ்வும் வைத்து, தலைமுறை தலைமுறையாக ஓட்டுகிறார். மச்சத்தைக் காட்டி அண்ணன் தம்பி சேரும் நம்மூர் சினிமா உத்திதான். எனக்கு அது அலுப்பு. ரத்தம் இரண்டாயிரம் வருடம் அவ்வளவு விசுவாசமாக இருக்காது.

ஆனாலும் இந்த வகை நாவலை நான் ஒதுக்கமாட்டேன். காரணம், அதில் வரும் லண்டன் பெருந்தீ. 1666 செப்டம்பர் 2ஆம் தேதி, லண்டன் புட்டிங் லேனில் ஒரு பேக்கரியில் பிடித்த தீ நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் தின்றது. அப்போது லண்டனில் இருந்த கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் ஒயினையும் பார்மெசான் சீஸையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்ததை டைரியில் எழுதியிருக்கிறார். (நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியைத்தான் புதைத்திருப்போம்.)

தீ அணைந்த சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகலமான நேர்ச்சாலைகளோடு புதுநகர வரைபடம் ஒன்றைக் கொடுத்தார். நடக்கவில்லை. அவரவர் மனையை யார் விட்டுக்கொடுப்பார்கள்? சில தெருக்களை அகலப்படுத்தியதோடு சரி, ஊர் பெரும்பாலும் பழைய தடத்திலேயே எழுந்தது. பிரெட் ஸ்ட்ரீட்டும் மில்க் ஸ்ட்ரீட்டும் இன்றும் இருக்கின்றன.

அப்புறம் வழக்குகள். குத்தகைப் பத்திரப்படி பலர் எரிந்த வீட்டுக்கும் வாடகை கட்ட வேண்டும், வீட்டையும் தாங்களே எழுப்பித் தர வேண்டும். இதைத் தீர்க்கவே தனியாக ஒரு தீ நீதிமன்றம் 1667இல் உட்கார்ந்தது. நீதிபதிகளுக்குச் சம்பளம் கிடையாது. வாடகையைக் குறைத்து, குத்தகைக் காலத்தை நீட்டி, “சரி, நீ கட்டிக்கொள்” என்கிற மாதிரி பல வழக்குகளைப் பேசி முடித்தார்கள்.

சாம்பல் மேட்டில் நிற்கும் வாடகைக்காரர், அவரிடம் பாக்கி கேட்கும் வீட்டுக்காரர். இவர்களின் பேரன்கள் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், அவர்களை அடையாளம் காட்ட வெள்ளைமுடி எதற்கு? மனை ஒன்று போதும், மூன்று தலைமுறையைக் கட்டிப்போட்டுவிடும். நான் எழுதினால் இந்த இடத்திலேயே இருநூறு பக்கம் உட்கார்ந்துவிடுவேன். ரதர்ஃபர்ட் மாதிரி ஓட எனக்கு வராது.

நீங்கள் நேராகத் தீ வரும் அத்தியாயத்துக்குப் போங்கள். இடையில் செத்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.