வாசகர் கேள்விகள்: ‘கெட்ஸ்/ஜில்பெர்டோ’ இசைத்தட்டு

கேள்வி: தவிலும் பறையும் முழங்கக் கேட்டு வளர்ந்தவன் நான். வேலூரில் நண்பர் ஒருவர் ‘கெட்ஸ்/ஜில்பெர்டோ’ என்ற போஸா நோவா (பிரேசிலில் பிறந்த மென்மையான இசை வகை) இசைத்தட்டைக் கேட்கச் செய்தார். காதருகே முணுமுணுப்பது போன்ற அந்தக் குரல் வியப்பளித்தது. அது எப்படி உருவானது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: 1963 மார்ச் 18, 19 ஆகிய இரண்டே நாட்களில், நியூயார்க்கின் ஏ அண்ட் ஆர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பதிவானது. தயாரித்தவர் கிரீட் டெய்லர். ஒலிப்பதிவு ஃபில் ரமோன். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே சார்லி பேர்டுடன் வெளியிட்ட ‘ஜாஸ் சம்பா’ பெரும் வரவேற்பைப் பெற்றிருந்ததால், இம்முறை பிரேசிலின் மூலவர்களே அழைக்கப்பட்டனர்: கிதாரும் குரலுமாக ஜோவாவ் ஜில்பெர்டோ, பியானோவில் இசையமைப்பாளர் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிம்.

தாங்கள் வியந்த மென்மையின் வேர் ஜில்பெர்டோவின் வலக்கையில் இருக்கிறது. பிரேசிலின் சம்பா நடன ஊர்வலத்தின் பெருமுரசு கொடுக்கும் சீரான அடியைக் கட்டைவிரல் மந்தரத் தந்திகளில் காக்க, சிறுமுரசின் குறுக்கடிகளை மற்ற விரல்கள் சுரக்கூட்டுகளாக (பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பவை) மீட்டுகின்றன. ஒரு தாளவாத்தியக் குழுவே ஒரு கிதாருக்குள் அடங்கிவிட்டதால், பாடுபவர் குரலை உயர்த்தவேண்டிய தேவையே எழவில்லை. எஞ்சியதை ஒலிவாங்கி பார்த்துக்கொண்டது. அவர் சொற்களைத் தாளத்திற்குச் சற்று முன்னும் பின்னுமாக இடுவது, அதீத, அனாகத எடுப்புகளுக்கு (தாளத்தின் தொடக்கத்திற்கு முன்னரோ பின்னரோ பாடலை எடுப்பது) பழகிய நம் செவிக்கு, முற்றிலும் ஒன்றல்ல எனினும், அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: ஆங்கிலத்தில் பாடியதால்தான் அது உலகெங்கும் பரவியதா? (வாசகி, காட்பாடி)

பதில்: ஆங்கிலம் உதவியது உண்மை. அதுவரை ஒலிப்பதிவே செய்திராத ஜோவாவின் மனைவி அஸ்ட்ரூட், ‘தி கேர்ள் ஃப்ரம் இபனிமா’ பாடலின் ஆங்கிலப் பகுதியைப் பாடினார். வானொலிக்கெனத் தனித்தட்டாக வெளியிட்டபோது, ஐந்து நிமிடத்தைத் தாண்டிய அப்பாடலிலிருந்து ஜோவாவின் போர்த்துகீசியக் குரலை அடியோடு வெட்டிவிட்டனர். வணிகத்திற்கு அது பலித்தது. பாடலுக்கு அநீதியானது என்பதே என் உறுதியான கருத்து. உலகையே ஈர்த்த அஸ்ட்ரூட்டின் பெயர் இசைத்தட்டின் முன்னட்டையில் இடம்பெறவில்லை என்பதும் வருத்தத்திற்குரியது.

ஆனாலும் எட்டுப் பாடல்களில் அவர் பாடியவை இரண்டே. மற்றவற்றைப் போர்த்துகீசிய மொழியிலேயே மக்கள் கேட்டனர். பீட்டில்ஸ் அலை வீசிய 1964-இல் இது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. 1965-இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. மொழி புரியாதவரையும் ஈர்த்தது அந்த நெருக்கமான குரலும், அதன் இடைவெளிகளை அறிந்து நுழையும் சாக்ஸபோனும்தான்.

கேள்வி: கர்நாடக இசை மட்டுமே அறிந்தவர் எப்பாடலில் தொடங்கலாம்? (வாசகர், ஆரணி)

பதில்: ‘டெசாஃபினாடோ’. முதன்முறை கட்டைவிரலின் அடியை மட்டும் பின்தொடருங்கள்; மறுமுறை குரலை. பிறகு, கெட்ஸ் இல்லாமல் ஜோவாவ் 1959-இல் வெளியிட்ட ‘செகா டி சவுடாடி’ தொகுப்பையும் அவசியம் கேளுங்கள்.