தோலுரித்த டாரன்டுலாவுக்கு எப்போது இரை வைக்கலாம்?

கேள்வி: நான் வளர்க்கும் டாரன்டுலா சிலந்தி மூன்று நாட்களுக்கு முன் தோலுரித்தது. அதிலிருந்து கால்களைப் பரப்பிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கிறது. வயிறும் சிறுத்துப்போயிருக்கிறது. பசிக்குமே என்று ஒரு சிள்வண்டை உள்ளே விட்டேன். பிடிக்கவில்லை, பயந்து ஒதுங்குகிறது. அதற்கு நோயா? எப்போது இரை கொடுக்கலாம்?

பதில்: முதலில் அந்தச் சிள்வண்டை வெளியே எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் சிலந்திக்கு நோய் இருப்பதாகத் தெரியவில்லை. தோலுரித்த டாரன்டுலா இப்படித்தான் இருக்கும். பழைய தோலோடு விஷப்பற்களின் உறையும் கழன்றுவிடுகிறது. புதுப் பற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அவற்றால் எதையும் குத்த முடியாது. மேல்தோலும் இன்னும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் பசித்த சிள்வண்டு ஒன்று பக்கத்தில் இருந்தால் அதுதான் சிலந்தியைக் கடிக்கும். இதில் காலை இழந்த சிலந்திகளும் உண்டு, செத்துப்போனவையும் உண்டு. உங்கள் சிலந்தி ஒதுங்கிப்போனதில் நியாயம் இருக்கிறது.

வெளியே தெரிவது மட்டுமல்ல, உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்பூச்சும் மூச்சுவிடும் புத்தக நுரையீரல்களின் (புத்தகத் தாள்போல் அடுக்கடுக்காக இருப்பவை) பூச்சும்கூடப் பழைய தோலோடு வந்துவிடுகின்றன. அவ்வளவையும் கழற்றிப்போட்ட உயிர் சில நாள் அசையாமல் கிடப்பதில் ஆச்சரியமில்லை. நடுநடுவே காலை மெதுவாக நீட்டி மடக்கினால் அதுவும் இயல்பானதே.

சரி, எப்போது இரை? நாட்களை எண்ணாமல் பற்களின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கும் பற்கள் சிவப்பாகி, பிறகு கறுக்கும். நன்றாகக் கறுத்த பிறகுதான் இரை. சின்னக் குஞ்சுகளுக்குச் சில நாட்களே போதும், வளரும் பருவத்தில் ஏறக்குறைய ஒரு வாரம், பெரிய சிலந்திக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். பற்களைப் பார்ப்பதற்காகச் சிலந்தியைக் குச்சியால் கிளறவே கூடாது. அது கண்ணாடியில் ஏறும்போது அடிப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். தெரியவில்லையா, இன்னும் சில நாள் பொறுங்கள். வயிறு சிறுத்திருந்தாலும் தண்ணீர் இருக்கும்வரை பெரிய சிலந்தி அவ்வளவு சீக்கிரம் பட்டினியால் சாகாது. அவசரப்பட்டு இரை போடுவதில்தான் ஆபத்து.

முதல் இரை அதன் வயிற்றைவிடச் சிறியதாக இருக்கட்டும். குஞ்சுகளுக்குக் கொன்ற பூச்சியின் துண்டே நல்லது. ஒரு நாளுக்குள் தொடவில்லை என்றால் எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள்.

இப்போது உணவைவிட முக்கியம் தண்ணீர். தோலுரிப்பில் உடல் நீர் நிறையச் செலவாகிறது. ஆழமில்லாத கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், சீக்கிரம் அழுக்காகிவிடும். சிலந்தியின் மேல் நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

கழற்றிய தோலை அது விலகிப்போன பிறகு நீண்ட இடுக்கியால் எடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டங்களின் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் அரிப்பு உண்டாக்கும் முடிகள் உண்டு. அவை தோலிலும் இருக்கும், கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. ஆனால் தோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் நனைத்து, வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்துப் பாருங்கள். மேல் ஜோடி நுரையீரல்களுக்கு நடுவே உள்பக்கத்தில் விந்தைச் சேர்த்துவைக்கும் சிறு பை தெரிந்தால் அது பெண். முகத்தருகே உள்ள குட்டைக் கால்களின் நுனி உருண்டு தடித்திருந்தால் முதிர்ந்த ஆண். ஆணுக்குப் பொதுவாக அதுவே கடைசித் தோலுரிப்பு. இனி அது குறைவாகத் தின்னும், இணை தேடி ஓயாமல் அலையும், அதை நோய் என்று நினைக்காதீர்கள்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. சிலந்திகள் உடல் நீரின் அழுத்தத்தால்தான் காலை நீட்டுகின்றன. எனவே நிமிர்ந்த நிலையில் கால்களெல்லாம் உடலுக்கு அடியில் சுருண்டுபோனால் நீர் வற்றியிருக்கலாம். உடனே அதன் வாய்ப்பகுதி மட்டும் நனையும்படி ஆழமில்லாத தண்ணீரின் ஓரத்தில் வையுங்கள். மூச்சுத் துளைகள் வயிற்றின் அடிப்பக்கம் இருப்பதால் வயிறு முங்கக் கூடாது. மல்லாந்து கிடப்பது பெரும்பாலும் தோலுரிப்புதான், அப்போது தொடவே கூடாது. மூட்டில் நீர் கசிந்தால் கார்ன்ஃப்ளார் மாவைக் கொஞ்சம் ஒற்றிவையுங்கள். கால் ஒன்று போயிருந்தாலும் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மறுபடி வளரும், முதலில் மெல்லியதாக வரும்.

கையில் எடுப்பதை இப்போது அறவே விடுங்கள். டாரன்டுலாவின் வயிறு கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்துவிடும், தோல் இறுகாத நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பெட்டி மாற்றுவது, மண் மாற்றுவது எல்லாம் பற்கள் கறுத்து, அது ஒருமுறையாவது நன்றாகத் தின்ற பிறகு செய்யலாம்.