வெட்டுத்துணியில் பொம்மை: கேள்வி பதில்

கேள்வி: பழைய பனியன் துணியில் தைத்த பொம்மை, பஞ்சு அடைத்ததும் பூசணிக்காய்போல் பக்கவாட்டில் பருத்துவிடுகிறதே?

பதில்: பனியன் துணி பின்னப்பட்டது என்பதால் பெரும்பாலும் அகலவாக்கில் அதிகமாக இழுபடும். துணியை இரு திசைகளிலும் இழுத்துப் பார்த்து, அது விரிவதற்கு ஏற்ப, துணிமேல் வைத்து வெட்டும் காகித மாதிரியின் அகலத்தைக் குறைத்து வெட்டுங்கள்; அல்லது உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள்.

கேள்வி: எவ்வளவு அடைத்தாலும் தலை மார்பில் கவிழ்கிறது.

பதில்: பஞ்சின் அளவில் குறையில்லை, அடைக்கும் விதத்தில்தான் குறை. தலையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் அடைத்தால், கழுத்தில் பஞ்சு இரண்டாகப் பிரிந்து அந்த இடம் கீல்போல் மடங்கும். முதலில் தலையை, நெல்லிக்காய் அளவுப் பஞ்சாக, பென்சிலின் மழுங்கிய முனையால் ஓரங்களிலிருந்து அடைத்து வாருங்கள். பிறகு ஒரு துணிப்பட்டையை விரல் பருமனுக்கு இறுகச் சுருட்டி நூலால் கட்டி, பாதி தலைக்குள்ளும் பாதி மார்புக்குள்ளும் இருக்கும்படி செருகி, சுற்றிலும் பஞ்சைத் திணித்தால் கழுத்து ஆடாது. நான் முதலில் செய்த பொம்மைகளில் பாதி தூங்கிவழிந்தவை என்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

கேள்வி: பஞ்சுக்குப் பதில் வெட்டுத்துணியையே அடைக்கலாமா?

பதில்: அடைக்கலாம். விரல்நகம் அளவுக்கு நறுக்காவிட்டால் வெளியே முண்டும் முடிச்சுமாகத் தெரியும். பொம்மையும் கனக்கும், துவைத்தால் எளிதில் உலராது. முகத்துக்கு மட்டுமாவது பஞ்சு வையுங்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், வயது 6 முதல் 60 வரை. வேலையை எப்படிப் பிரிப்பது?

பதில்: ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க என்று தொழிற்சாலைபோல் பிரித்தால், வெட்டுபவர் அரைமணி நேரத்தில் வேலையின்றி உட்கார்ந்துவிடுவார். ஆளுக்கொரு பொம்மை என்று வைத்துக்கொண்டு, கடினமான கட்டத்தில் மட்டும் கைமாற்றிக்கொள்ளுங்கள். ஊசி பழகியவர் கழுத்தையும் அக்குளையும் கெட்டித்தையலால் தைத்துத் தரட்டும். அட்டையில் கம்பளி நூலைச் சுற்றி முடி செய்வதில் ஆறு வயதுப் பிள்ளை பெரியவர்களையே மிஞ்சிவிடும். முகத்தை மட்டும் அவரவரே செய்ய வேண்டும். அது கோணலானாலும் திருத்தாதீர்கள். பெரியவர்கள் திருத்திய பொம்மையைப் பிள்ளைகள் மறுபடி கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: கண்ணுக்குப் பொத்தான் தைக்கலாமா?

பதில்: 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் பொத்தான், மணி எதுவும் வேண்டாம், பிய்ந்து வந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நூலாலேயே பூத்தையல் போடுங்கள். தைப்பதற்கு முன் கண்ணின் இடத்தில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்; தலையின் நடுவுக்குச் சற்றுக் கீழே கண் வந்தால் குழந்தை முகம் கிடைக்கும். பார்த்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.